தண்டுவடத்துக்கு ஸ்டெம் செல் வந்த கதை

1862-ம் ஆண்டு எகிப்தின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அதில் என்ன இருக்கிறது என்பது உலகத்துக்கு முழுமையாகத் தெரிய 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஜேம்ஸ் பிரெஸ்டெட் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். கி.மு. 1600 வாக்கில் பிரதி எடுக்கப்பட்ட அந்தச் சுருள் ஒரு மருத்துவக் கையேடு. 48 பேரின் காயங்கள் தலையில் தொடங்கி கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. காயத்தைப் பார்த்த மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குணப்படுத்தலாம்; போராடிப் பார்க்கலாம்; சிகிச்சை செய்வதற்கில்லை.

31-வது நோயாளிக்குக் கழுத்தெலும்பு விலகியிருக்கிறது. கைகால்கள் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சிறுநீர் அவர் அறியாமலே சொட்டுகிறது. அவருக்குக் கிடைத்தது மூன்றாவது தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு 20-ம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. முதல் உலகப்போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயம் அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்! 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நோயாளிகள் பிழைக்கத் தொடங்கினார்கள். 1948-ல் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு வில்வித்தைப் போட்டியே நடத்தினார். பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆக வளர்ந்தது அதுதான். (ஸ்டெம் செல் பற்றிப் பேசும்போது குட்மானை யாரும் நினைப்பதில்லை. ஆனால் இதுவரை தண்டுவட நோயாளிகளின் உயிரை அதிகம் காப்பாற்றியது அவர் தொடங்கி வைத்த இந்தப் பராமரிப்புதான்.)

ஆக, உயிர் பிழைத்தார்கள். ஆனால் நடக்கவில்லை. ஏன்?

கையில் ஒரு நரம்பு வெட்டுப்பட்டால், தையல் போட்டுச் சேர்த்தால் அது மெல்ல வளரும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதங்கள் ஆனாலும் விரலில் உணர்ச்சி ஓரளவு திரும்பும். அதே உடம்பில் தண்டுவடத்துக்குள் ஓடும் நரம்பிழை அறுந்தால் வளர்வதில்லை. இரண்டும் நரம்புதான். ஒன்று வளர்கிறது, மற்றொன்று வளர்வதில்லை.

இந்தப் புதிரை முதலில் நுணுக்கமாக ஆராய்ந்தவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். நுண்ணோக்கியில் பார்த்ததைத் தன் கையாலேயே வரைந்தவர். 1913, 1914 ஆண்டுகளில் நரம்பு மண்டலத்தின் சிதைவு, மறுவளர்ச்சி குறித்து இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வளர்ந்த உயிரினத்தின் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதைகள் நிலைத்துப்போனவை. அங்கே எதுவும் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு மருத்துவ மாணவர்கள் இதைத்தான் படித்தார்கள்.

ஆனால் கஹால் அதோடு நிறுத்தவில்லை. இந்தக் கடுமையான விதியை மாற்ற முடியுமானால் மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் சேர்த்தே எழுதினார். பாடப்புத்தகங்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன! அறுந்த இழைகள் தண்டுவடத்துக்குள்ளும் சில நாட்கள் முளைவிடுகின்றன, பிறகுதான் நின்றுபோகின்றன என்பதையும் அவர் பார்த்திருந்தார். அதாவது வளரும் ஆசை இழைக்கு இருக்கிறது. ஏதோ ஒன்று தடுக்கிறது.

அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெயோ 1911-லேயே ஒரு சோதனை செய்திருந்தார். முயலின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன் மூளைக்குள் வைத்தார். மூளையின் நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் வளர்ந்து போயின. ஆனால் அந்த இழைகள் உண்மையிலேயே மூளையிலிருந்து வந்தவையா என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க அக்காலத்தில் வழி இல்லை. பிற்பாடு செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவும் இல்லை. விஷயம் கிடப்பில் போனது.

எழுபது ஆண்டுகள் கழித்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவரது குழுவினரும் அந்த முயல் சோதனையை எலியில் புதுப்பித்தார்கள். 1981-ல் சாமுவேல் டேவிட்டும் அகுவாயோவும் வெளியிட்ட ஆய்வு இது. கால் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை மூளையின் அடிப்பகுதியிலும் மறுமுனையை நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலும் பாலம் போலப் பொருத்தினார்கள். இழை எங்கிருந்து புறப்படுகிறது என்று காட்டும் சாயம் இப்போது இருந்தது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பிய இழைகள் அந்தப் பாலத்தின் வழியே சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தன. எலிக்கு இது மிக நீண்ட தூரம். பாலம் முடிந்து மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் சற்றுத் தூரத்தில் நின்றுவிட்டன.

ஆக, குறை இழையில் இல்லை. மண்ணில் இருக்கிறது. நல்ல விதையைக் களர் நிலத்தில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் தண்டுவடத்தில் நடக்கிறது. 1988-ல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர், மைய நரம்பு மண்டலத்தின் மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதைக் காட்டினார்கள். காயம் ஆறும்போது உருவாகும் தழும்பும் சுவர் போல நிற்கிறது.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் கதைக்குள் வருகிறது. அது வந்ததோ வேறு பாதையில்.

1961-ல் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லோ இருவரும் கதிர்வீச்சின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கதிர்வீச்சுக்கு ஆளான எலிகளுக்கு எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியபோது அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. தன்னையே பெருக்கிக்கொண்டு, பல வகை இரத்த அணுக்களாகவும் மாறக்கூடிய செல் ஒன்று மஜ்ஜையில் இருப்பது அதிலிருந்து தெரிய வந்தது. தமிழில் குருத்தணு என்றும் மூலச் செல் என்றும் எழுதுகிறார்கள். ஸ்டெம் செல் என்றே சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

இரத்தத்துக்குச் சரி. மூளைக்கு? 1962-ல் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலியின் மூளையில் புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்று எழுதினார். கஹாலுக்கு எதிராக ஒருவர் பேசினால் யார் கேட்பார்கள்? அவரைப் பொருட்படுத்தவே இல்லை. 1992-ல் கனடாவின் கால்கரியில் பிரென்ட் ரெய்னால்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் ஆல்ட்மனின் பழைய கட்டுரைகளைத் தூசு தட்டினார்கள்.

1998 நவம்பர் இந்த வரலாற்றில் முக்கியமான மாதம். வயது வந்த மனிதரின் மூளையில் புது நியூரான் பிறப்பதற்கான சான்றை பீட்டர் எரிக்சனும் ஃப்ரெட் கேஜும் அந்த மாதம் வெளியிட்டார்கள். (இதன் மீது இன்னும் வாதம் ஓயவில்லை. 2018-ல் வேறொரு குழு மறுத்தது.) அதே மாதம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன், மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துவிட்டதாக அறிவித்தார். செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய, உரியவர்கள் சம்மதித்துக் கொடுத்த சில நாள் வயதுக் கருக்கள் அவை. அதிலிருந்து எடுத்த செல்லை உடலின் எந்தத் திசுவாகவும் மாற்றலாம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளில் ஒன்று கலிபோர்னியாவின் ஜெரான்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1995 மே 27-ம் தேதி, நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் வர்ஜீனியாவில் குதிரையேற்றப் போட்டியில் தலைகீழாக விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டார். 1978-ல் சூப்பர்மேனாக வானத்தில் பறந்தவர். இப்போது கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மூச்சு விடவும் இயந்திரம் வேண்டும். அதுவரை தண்டுவட ஆராய்ச்சி என்பது சில சோதனைக்கூடங்களின் தனிப்பட்ட கவலை. ரீவ் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தார். 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்த கருச் செல் வரிசைகளுக்கு மட்டுமே அரசுப் பணம் என்று கட்டுப்பாடு விதித்தபோது அதை எதிர்த்து நின்ற குரல்களில் ரீவின் குரலும் ஒன்று. 2004 அக்டோபர் 10 அன்று 52-வது வயதில் அவர் இறந்தார். அடுத்த மாதமே கலிபோர்னியா மக்கள் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் ஒதுக்கும் திட்டத்துக்கு வாக்களித்தார்கள்.

ரீவின் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. விபத்து நடந்து ஐந்து ஆண்டுகள் கழித்து அவரால் ஆள்காட்டி விரலை அசைக்க முடிந்தது. பிறகு உடலின் பல இடங்களில் தொடு உணர்ச்சியும் ஓரளவு திரும்பியது. அவருக்குச் செல் எதுவும் செலுத்தப்படவில்லை! ஜான் மெக்டொனால்ட் என்ற மருத்துவரின் மேற்பார்வையில் மின்தூண்டல் சைக்கிள், நீர்ப் பயிற்சி என்று விடாமல் உடற்பயிற்சி செய்தார், அவ்வளவுதான். இதே மெக்டொனால்ட்தான் 1999-ல் எலியின் தண்டுவடத்தில் கருச் ஸ்டெம் செல்களை வைத்து, அது பின்னங்காலில் ஓரளவு எடை தாங்கி நடப்பதைக் காட்டியவர்.

அந்த விரல் அசைவு இந்தத் துறைக்குப் பெரிய தலைவலி. தண்டுவடக் காயத்தை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறார்கள். ஏ என்றால் காயத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இ என்றால் இயல்பு நிலை. முதல் வாரங்களில் ஏ என்று குறிக்கப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவரோ இருவரோ எந்தப் புதுச் சிகிச்சையும் இல்லாமலே ஓராண்டுக்குள் ஒரு படியாவது முன்னேறுகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சமயத்தில் யாராவது ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போகும். ஒப்பிட்டுப் பார்க்க, செல் செலுத்தாத ஒரு குழுவும் இருந்தால்தான் உண்மை தெரியும். பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெரான் எதை நம்பி இறங்கியது? 2005-ல் கலிபோர்னியாவின் இர்வைனில் ஹான்ஸ் கீர்ஸ்டெட் குழுவினர் செய்த எலிச் சோதனையை. ஸ்டெம் செல் என்றதும் அறுந்த நரம்பை ஒட்டவைக்கும் பசை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் செய்தது அது அல்ல. தண்டுவடம் நசுங்கும்போது எல்லா இழைகளும் அறுவதில்லை. பல இழைகள் பிழைத்திருக்கும், ஆனால் மேலே உள்ள மயலின் உறை உரிந்துபோயிருக்கும். வயர் இருக்கிறது, மேலே உள்ள பிளாஸ்டிக் உரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஒழுங்காகப் போகாது. அந்த உறையை உற்பத்தி செய்பவை ஒலிகோடென்ட்ரோசைட் எனப்படும் செல்கள். மனிதக் கருச் ஸ்டெம் செல்லை அந்த வகையின் முன்னோடிச் செல்லாக மாற்றி எலிக்குச் செலுத்தினார்கள். காயமடைந்து 7 நாளில் செலுத்திய எலிகள் நன்றாக நடந்தன. 10 மாதம் கழித்துச் செலுத்திய எலிகளில் எந்த முன்னேற்றமும் இல்லை. செய்தித்தாள்களில் முதல் பாதிதான் பெரிதாக வந்தது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஜெரான் கொடுத்த விண்ணப்பம் இருபதாயிரம் பக்கங்களைத் தாண்டியது. காரணம் பயம். எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல், மாற்றப்படாமல் கொஞ்சம் கலந்து உள்ளே போனால் கட்டியாகவும் வளரலாம். 2009 ஜனவரியில் அனுமதி வந்தது. ஆகஸ்டில் சில விலங்குகளின் தண்டுவடத்தில் நீர்க்கட்டிகள் தெரிந்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. 2010 ஜூலையில் மீண்டும் பச்சைக்கொடி. அக்டோபரில் அட்லாண்டாவின் ஷெப்பர்ட் மையத்தில் உலகின் முதல் நோயாளிக்கு 20 லட்சம் செல்கள் செலுத்தப்பட்டன. காயமடைந்த 7 முதல் 14 நாட்களுக்குள் இருப்பவர்கள் மட்டுமே சேர முடியும் என்பது விதி. எலிக்கு 7 நாள் அல்லவா!

மொத்தம் ஐந்து பேர். 2011 நவம்பரில் ஜெரான் திடீரென்று ஸ்டெம் செல் பிரிவையே மூடிவிட்டது. செல் தோற்றுப்போகவில்லை, ஆபத்தும் நேரவில்லை. பணம் போதவில்லை, இனிமேல் புற்றுநோய் மருந்துகளில் கவனம் செலுத்தப்போகிறோம் என்றார்கள். பதினைந்து ஆண்டு உழைப்பு ஒரு நிர்வாகக் குழு முடிவில் நின்றது. உடம்புக்குள் அந்தச் செல்களை ஏற்றுக்கொண்ட ஐந்து பேரும் அதைச் செய்தியாகவே படித்திருப்பார்கள்!

2013-ல் ஆஸ்டீரியாஸ் என்ற கம்பெனி அதே செல்களை வாங்கி, கழுத்துக் காயம் பட்ட 25 பேருக்கு, சிலருக்கு 2 கோடி செல்கள் வரை செலுத்திப் பார்த்தது. முடிவுகள் 2022-ல் வெளியாகின. ஏறக்குறைய எல்லோருக்குமே ஒரு பக்கக் கையிலாவது ஒரு படி முன்னேற்றம். மேலோட்டமாகப் பார்த்தால் அபாரம். ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. கழுத்துக் காயங்களில் ஒரு படி தானாகவே தேறுவதும் சாதாரணம். முதல் ஐந்து பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் கட்டி எதுவும் இல்லை. இருபதாயிரம் பக்கங்களின் பயத்துக்கு அதுவே பெரிய பதில்.

ஒப்பீட்டுக் குழுவோடு செய்தவர்கள் யாரும் இல்லையா? இருந்தார்கள். ஸ்டெம்செல்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி, காயம் பட்டுச் சில மாதங்கள் கடந்தவர்களின் கழுத்துத் தண்டுவடத்தில் நரம்பு ஸ்டெம் செல்களை வைத்தது. 2016 மே மாதம், கிடைக்கும் பலன் போதுமான அளவு இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. கசப்பான முடிவுதான். ஆனால் நேர்மையாக அளந்த முடிவு.

அளக்காமல் விற்றவர்கள் கதை வேறு. 2000-க்குப் பிறகு பல நாடுகளில் பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி என்ற வியாபாரம் பெருகியது. 2009-ல் வெளியான ஓர் அறிக்கை, மாஸ்கோவில் கருவின் நரம்புச் செல்கள் செலுத்தப்பட்ட ஓர் இஸ்ரேல் சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்ததைச் சொன்னது. கட்டியைச் சோதித்தபோது அது அவனுடைய செல்லே அல்ல, கொடையாளியின் செல். 2016-ல் இன்னொரு அறிக்கை. பக்கவாதம் வந்த ஒரு அமெரிக்கர் மூன்று நாடுகளில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார். அவருடைய தண்டுவடத்திலும் பிறருடைய செல்கள் கட்டியாகப் பெருகியிருந்தன. வாரக்கணக்கில் காலை அசைக்க முடியாமல் கிடக்கும் ஒருவரிடம், இருபதாயிரம் பக்க அனுமதிக்குக் காத்திருங்கள் என்று யார் சொல்வது? விற்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

இந்தியாவில் 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அதன் தலைப்பில் ஸ்டெம் செல் "ஆராய்ச்சி", "சிகிச்சை" என்ற இரு சொற்களும் இருந்தன. 2013-ல் அதைத் திருத்தியபோது "சிகிச்சை" என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவை எல்லாம் சோதனை நிலையில்தான் இருக்கின்றன, அவற்றுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்பதுதான் காரணம். ஒரு சொல்லை நீக்கியதிலேயே எவ்வளவு சேதி!

கருவைத் தொடாமலே வேலை நடக்க வழி செய்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. 2006-ல் எலியின் சாதாரணச் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருச் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார். 2007-ல் மனிதச் செல்லிலும் செய்தார். 2012-ல் நோபல். டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஹிதெயுகி ஒகானோவும் மசாயா நாகமுராவும் இதைத் தண்டுவடத்துக்குக் கொண்டு போனார்கள். நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே தயாரிக்கலாமே என்று தோன்றும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காயத்துக்கோ சில வாரங்கள்தான் அவகாசம். அதனால் கொடையாளிகளின் செல்லிலிருந்து முன்கூட்டியே தயாரித்து உறையவைத்த செல்களைப் பயன்படுத்தினார்கள். 2019-ல் அரசு அனுமதி கிடைத்தும் கொரோனாவால் தள்ளிப்போய், 2021 டிசம்பரில் முதல் அறுவை சிகிச்சை நடந்தது.

2025 மார்ச்சில் நான்கு பேரின் முடிவுகளை அறிவித்தார்கள். நால்வரும் தொடக்கத்தில் ஏ தரம். ஓராண்டு கழித்து இருவர் ஏ தரத்திலேயே இருந்தார்கள். ஒருவர் சி தரத்துக்கு வந்தார். இன்னொருவர் டி தரத்துக்கு வந்து, பிடிமானமில்லாமல் எழுந்து நின்று, நடைப்பயிற்சி தொடங்கினார். தீவிரப் பக்கவிளைவு யாருக்கும் இல்லை. ஏ தரத்திலிருந்து டி தரத்துக்குத் தானாகத் தேறுவது மிக அபூர்வம் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் நான்கே பேர். ஒப்பீட்டுக் குழு இந்தச் சோதனையிலும் இல்லை. இதை ஆராய்ச்சியாளர்களே முதலில் சொன்னார்கள்.

கெயோவின் நால்வரும் காயமடைந்து 14 முதல் 28 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்கள். ஜெரானின் விதி 14 நாள். கீர்ஸ்டெட்டின் 10 மாத எலிகள் நடக்கவில்லை என்பதன் நிழல் இந்த விதிகள் எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறது. நாட்பட்ட காயத்தில் தழும்பு இறுகிவிடுகிறது, உறை உரிந்த இழைகளும் வாடிப்போகின்றன. இன்று சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சில வாரங்களைக் கடந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த ரீவ் இன்று இருந்திருந்தாலும் இந்த இரண்டு சோதனைகளிலும் அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.